மாற்றுச் சான்றிதழை மறைத்து வைத்தது பற்றி மலர்கொடி எழுதிக் கொடுத்தது

பெயர் மலர்கொடி. வயது முப்பது. கணவர் அமிர்தலிங்கம், தாலுகா ஆபீசில் இளநிலை உதவியாளர். படிப்பு பி.ஏ., வரலாறு. வேலைக்குப் போகவில்லை, வீட்டில் இருக்கிறேன். விலாசம்: திருச்சிராப்பள்ளி மாவட்டம், அரியலூர் டவுன், செந்துறை ரோடு, தங்கசாமி லைன் வீடு, கதவு எண் 4. இன்று 30-6-1984 சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு யாரும் அழைக்காமல் நானாக நிலையத்துக்கு வந்தேன். நான் சொல்லச் சொல்ல ஏட்டு கண்ணையன் எழுதிக்கொள்வதாக இருந்தது. எனக்கு எழுதத் தெரியும் என்பதால் அவர் முன்னால் உட்கார்ந்து என் கையாலேயே எழுதித் தருகிறேன். நடந்தது 15-6-1984 அன்று. பதினைந்து நாள் தாமதத்துக்குக் காரணம் என்ன என்று ஏட்டையா முதலிலேயே கேட்டார். அதை அதன் இடத்தில் எழுதுகிறேன்.

எனக்கு ஒரே மகள், திலகவதி, வயது பத்து. எங்கள் லைனில் கதவு எண் 7-ல் மதுரைவீரன், செங்கமலம் தம்பதி ஐந்து வருடமாகக் குடியிருக்கிறார்கள். மதுரைவீரன் சுண்ணாம்புக்கல் குவாரியில் கூலி வேலை. செங்கமலம் குன்னம் பக்கம் போய்ச் சின்ன வெங்காயம் வாங்கி வந்து அரியலூர் சந்தையில் விற்பவள். தன் பெயரை மட்டும் எழுதுவாள், மற்றபடி படிக்கத் தெரியாது. அவர்கள் மகள் வேம்பு என் மகளோடு ஒரே தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்தவள். இரண்டு குடும்பத்துக்கும் இதற்கு முன் சண்டையோ விரோதமோ கிடையாது.

கன்னியர்கள் நடத்தும் புனித பெர்னதெத் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் என் மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று அவள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே முடிவு செய்திருந்தேன். அந்தப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு நாற்பது இடம். அதில் இருபத்தெட்டு கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு, மீதிப் பன்னிரண்டு மற்றவர்களுக்கு, அதுவும் பரீட்சை வைத்து. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு இடம் போவதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. அது அவர்கள் பள்ளிக்கூடம். பன்னிரண்டில் ஒன்று என் மகளுக்குக் கிடைத்துவிடும் என்று நம்பி, சனவரி மாதம் முதல் தினமும் மாலையில் என் வீட்டில் வைத்துக் கணக்கும் தமிழும் இங்கிலீஷ் எழுத்தும் சொல்லிக் கொடுத்தேன்.

அப்போது செங்கமலம் வந்து, "அக்கா, ஒங்க பாப்பாவுக்குச் சொல்லிக் குடுக்கையில எம் மவளும் ஒரு ஓரமா குந்திக்கட்டுமா? வூட்ல இருந்தா வெங்காயம் உரிக்கச் சொல்லிப்புடறேன்," என்று கேட்டாள். நான் சரி என்றேன். தனியாக உட்கார்ந்து படிக்க என் மகள் அடம்பிடித்துக்கொண்டிருந்தாள், கூட ஒரு பிள்ளை இருந்தால் நல்லது என்று நினைத்தேன். அதன் பிறகு வேம்பு தினமும் வந்து கதவோரம் உட்கார்ந்தாள். ஒரு நோட்டில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பென்சிலால் எழுதிவிட்டு, அதையே அழித்து மறுபடி எழுதுவாள். பின்னக் கணக்கை நான் என் மகளுக்கு மூன்று நாள் சொல்லிக் கொடுத்தேன். இரண்டாம் நாளே வேம்பு என் மகளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியில் இருந்து அதைக் கேட்டேன். அதற்கு அடுத்த நாள் வேம்புவிடம், திலகாவுக்கு உடம்பு சரியில்லை, நாளைக்கு வா என்று சொல்லி அனுப்பினேன். திலகாவுக்கு உடம்பு நன்றாகத்தான் இருந்தது. இது வழக்குக்குத் தேவையில்லை என்று ஏட்டையா சொன்னார். தேவை என்று எனக்குப் படுவதால் எழுதுகிறேன்.

அதன் பிறகு மே மாதம் இரண்டு பிள்ளைகளுக்கும் விண்ணப்பத்தை நானே எழுதினேன். 19-5-84 சனிக்கிழமை பரீட்சை முடிந்து பிள்ளைகளோடு பெற்றோரையும் தலைமையாசிரியை சிஸ்டர் செலஸ்தீன் கூப்பிட்டுப் பார்த்தார். செங்கமலம் சந்தைக்குப் போக வேண்டியிருந்ததால் வேம்புவையும் நான்தான் கூட்டிப் போயிருந்தேன். என் மகளைக் கேள்வி கேட்டபோது அவள் என் புடவையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றாள். வேம்பு கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். சிஸ்டர் அவள் பேப்பரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, உனக்கு யாரம்மா சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். அவள் என்னைக் காட்டி, "அத்தைதான் சிஸ்டர்," என்றாள். சிஸ்டர் என்னிடம், நன்றாகத் தயார் செய்திருக்கிறீர்கள் என்றார். நான் என் மகளின் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

8-6-84 வெள்ளிக்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். பன்னிரண்டு பேரில் வேம்பு பெயர் மூன்றாவதாக இருந்தது. திலகவதி பெயர் அதில் இல்லை, காத்திருப்போர் பட்டியலில் முதலாவதாக இருந்தது. பட்டியலுக்குக் கீழே, தேர்வானவர்கள் மாற்றுச் சான்றிதழ் அசலையும் அரசு அதிகாரி கையெழுத்திட்ட இரண்டு நகல்களையும் 15-6-84 வெள்ளி மாலை நான்கு மணிக்குள் ஒப்படைக்க வேண்டும், தவறினால் அந்த இடம் காத்திருப்போருக்கு வழங்கப்படும் என்று எழுதியிருந்தது. அதை நான் இரண்டு முறை படித்தேன்.

அன்று மாலை செங்கமலம் கூடையை இறக்கி வைத்த கையோடு என் வீட்டுக்கு வந்தாள். "எங்க வூட்டு மூக்கொழுவிக்குக் கன்னியாஸ்திரி பள்ளிக்கொடமா! சந்தையில சொன்னா ஒருத்தியும் நம்ப மாட்டேங்கிறா அக்கா. ஒம் மவ வெங்காயத்தை எண்ணி எண்ணிப் பாஸ் பண்ணிட்டாளான்னு கேக்குறாளுவ," என்று சிரித்தாள். அதன் பிறகு, "நம்ம பாப்பாவும் உள்ள வந்துரும் பாருங்க. ரெண்டும் ஒரே மாதிரி ரிப்பன் கட்டிக்கிட்டுப் போவும்," என்றாள். அவள் மனதில் கள்ளம் இல்லை. அவளுக்கு நான் காப்பி கொடுத்தேன்.

11-6-84 திங்கள்கிழமை அவள் வேம்புவின் மாற்றுச் சான்றிதழைத் தொடக்கப் பள்ளியில் வாங்கி வந்து, நகல் எழுதிக் கையெழுத்து வாங்கித் தரும்படி என்னிடம் கொடுத்தாள். காத்திருப்போரும் சான்றிதழைத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்பதால் என் மகளுடையதையும் நான் அன்றே வாங்கியிருந்தேன். மதியம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நகல் எழுத உட்கார்ந்தேன். இரண்டும் ஒரே தலைமையாசிரியர் ஒரே பேனாவால் எழுதியவை. ஒழுக்கமும் படிப்பும் என்ற கட்டத்தில் என் மகளுக்கு 'நன்று' என்றும் வேம்புவுக்கு 'மிக நன்று' என்றும் எழுதியிருந்தார். நகல் என்றால் உள்ளது உள்ளபடி எழுத வேண்டும். என் மகளுக்கு இரண்டு முறை நன்று என்று எழுதினேன். வேம்புவுக்கு இரண்டு முறை மிக நன்று என்று எழுதினேன். இரண்டாவது தடவை எழுதும்போது மை கொட்டிவிட்டது. வேறு தாள் எடுத்து மூன்றாவது முறையும் எழுதினேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை நான்கு நகல்களிலும் கால்நடை டாக்டரிடம் பச்சை மையில் கையெழுத்து வாங்கினேன். அவர் மாட்டுக்கு ஊசி போட்டுவிட்டுக் கை கழுவி வந்து படித்துப் பார்த்து, "ரெண்டும் உங்க பொண்ணுங்களா?" என்றார். இல்லை, ஒன்றுதான் என்றேன். "இதுவா?" என்று வேம்புவுடையதை எடுத்துக் காட்டினார். இல்லை என்றேன். அதன் பிறகு வீட்டுக்கு வந்து வேம்புவின் அசலையும் நகல்களையும் என் டிரங்குப் பெட்டியில், கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்தேன்.

அன்று செங்கமலம் சரக்கு எடுக்கக் குன்னம் போயிருந்தாள். புதன்கிழமை மாலை வந்து, "ஆச்சா அக்கா?" என்று கேட்டபோது, டாக்டர் கேம்ப் போயிருக்கிறார், நாளை வருவார் என்று பொய் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போது எனக்கே தெளிவாக இல்லை. வெள்ளிக்கிழமை காலை கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு மதுரைவீரன் வந்து வாசலில் நின்று, "அம்மா, பாப்பா காயிதத்தை வாங்கியாரச் சொல்லுச்சு," என்றார். சாராயம் குடித்திருந்தார், ஆனால் மரியாதையாகத்தான் பேசினார். காலையில் தருகிறேன், போங்கள் என்றேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். இதைத் திலகவதி பார்த்தாள்.

15-6-84 வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் தண்ணீர் பிடிக்கப் போனபோது குழாயடியில் செங்கமலமும் கதவு எண் 2-ல் இருக்கும் கொளஞ்சியம்மாளும் நின்றார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் வருவதைப் பார்க்காமல் கொளஞ்சியம்மாள், "பி.ஏ. படிச்ச அம்மா மவ வெளிய நிக்குது, வெங்காயக்காரி மவ உள்ள போவுது. இனிமே படிச்சு என்னாத்துக்குடி ஆவப்போவுது?" என்று சொல்லிச் சிரித்தாள். செங்கமலம் உடனே, "ச்சீ, வாய மூடு. அக்கா இல்லாட்டி எம் மவளுக்குப் பேனா புடிக்கவே தெரிஞ்சிருக்காது. பாவம், அந்தப் புள்ளைக்குக் கெடைக்கலையேன்னு எனக்கு ராவெல்லாம் மனசு கேக்கல," என்றாள். கொளஞ்சியம்மாள் சொன்னதை நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் மகளைப் பார்த்துச் செங்கமலம் பாவம் என்றதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. காலிக் குடத்தோடு வீட்டுக்குத் திரும்பினேன்.

எட்டு மணிக்குச் செங்கமலம் வேம்புவுக்குத் தலை பின்னிப் பூ வைத்துக் கூட்டிக்கொண்டு வந்து சான்றிதழைக் கேட்டாள். நான், "நேத்து சாயங்காலம் ஒன் வீட்டுக்காரர் வந்தாரே, அவர்கிட்ட குடுத்துட்டேனே," என்று சொன்னேன். அவள் ஓடிப் போய் மதுரைவீரனை எழுப்பிக் கேட்டாள். லைன் முழுக்க அவள் குரல் கேட்டது. "பாவி மனுசா, புள்ள காயிதத்தை எங்கய்யா வச்ச?" என்றாள். அவர் வாங்கவில்லை என்று சொல்வார், நான் வாங்கினீர்கள் என்று சொல்ல வேண்டியிருக்கும், அதற்குத் தயாராக நின்றேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. சட்டைப் பையைத் தடவிப் பார்த்து, "டீச்சரம்மா வூட்டுக்குப் போனேன். அது தெரியுது. வாங்குன மாதிரிதான் இருக்கு. எங்க வச்சேன்னுதான் தெரியல," என்றார். வாங்காத காகிதத்தை வாங்கியதாக அவரே நம்பிவிட்டார். என்னிடம் வந்து, "குடிகாரப் பய கையில ஏம்மா குடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டார்.

அதன் பிறகு அவர்கள் வீட்டைப் புரட்டிப் போட்டுத் தேடினார்கள். மதுரைவீரன் சாராயக் கடைக்குப் போய்ப் பெஞ்சுக்கு அடியிலெல்லாம் தேடிவிட்டு வந்தார். செங்கமலம் தொடக்கப் பள்ளிக்குப் போனாள். தலைமையாசிரியர் பயிற்சிக்காகப் பெரம்பலூர் போயிருக்கிறார் என்று சொன்னதால் பஸ் ஏறிப் பெரம்பலூர் போய் அவரைக் கண்டுபிடித்தாள். இரண்டாவது சான்றிதழ் வேண்டுமானால், காணாமல் போனதைத் தேடியும் கிடைக்கவில்லை என்று போலீசில் எழுதி வாங்கி, மேலிடத்துக்கு அனுப்பி உத்தரவு பெற வேண்டும், ஒரு மாதமாவது ஆகும் என்று அவர் சொல்லியிருக்கிறார். அவள் திரும்பி வந்து பள்ளிக்கூட கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐந்து மணி தாண்டிவிட்டது. நான்கு மணிக்கு அந்த கேட்டுக்கு உள்ளே திலகவதியோடு நான் உட்கார்ந்திருந்தேன். நான்கு பத்துக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எங்கள் காகிதங்கள் எல்லாம் சரியாக இருந்தன.

18-6-84 திங்கள்கிழமை முதல் என் மகள் அந்தப் பள்ளிக்குப் போகிறாள். முதல் நாள் காலை செங்கமலம் வந்து என் மகளுக்கு நெற்றி வழித்துத் திருஷ்டி எடுத்துவிட்டு, "ஒரு புள்ளயாவது போவுதே," என்றாள். வேம்பு வரவில்லை. அவள் சந்தையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள் என்று பிறகு அறிந்தேன். நான் சந்தோஷமாக இருந்தேனா என்று என் கணவர் பின்னால் கேட்டார். இருந்தேன். மூன்று நாள் இருந்தேன்.

நான்காம் நாள் வியாழக்கிழமை திலகவதி வந்து, "அம்மா, இன்னிக்குக் கணக்கு சிஸ்டர் பேர் கூப்பிடறப்ப வேம்புன்னு கூப்பிட்டுட்டாங்க. யாரும் எந்திரிக்கல. அப்பறம் அடிச்சுட்டு எம் பேரை எழுதினாங்க," என்றாள். அதன் பிறகு, "அன்னிக்கு வேம்பு அப்பாகிட்ட நீ காலையில தரேன்னுதானம்மா சொன்ன?" என்று கேட்டாள். சாப்பிடு என்றேன். அவள் அதற்குப் பிறகு என்னிடம் அதைக் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை.

24-6-84 ஞாயிற்றுக்கிழமை மதியம் மதுரைவீரன் சாராயக் கடையில், வியாழக்கிழமை தன்னோடு குடித்த குவாரித் தொழிலாளி அமாவாசை என்பவரிடம், என் பையில் இருந்த காகிதத்தை நீதான் எடுத்தாய் என்று சண்டை போட்டு, பக்கத்தில் கிடந்த கல்லால் அவர் தலையில் அடித்துவிட்டார். அமாவாசை ஆஸ்பத்திரியில் இருக்கிறார், ஏழு தையல். மதுரைவீரன் கைதாகிக் கிளைச் சிறையில் இருக்கிறார். அமாவாசை எந்தக் காகிதத்தையும் எடுக்கவில்லை. மதுரைவீரன் எந்தக் காகிதத்தையும் வாங்கவில்லை. காகிதம் அந்த நேரமெல்லாம் என் பெட்டியில் இருந்தது.

செய்தி கேட்ட அன்றே நான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் கணவரிடம் சொல்ல நான்கு நாள் ஆனது. அவர், "அந்தக் காயிதத்தைக் கொண்டுபோய் அவங்க வீட்டு ஓட்டு இடுக்குல சொருவிடு. கெடைச்சதா இருக்கட்டும். நீ ஸ்டேசன் போனா என் வேலை என்னாவறது?" என்றார். வியாழன் இரவும் வெள்ளி காலையும் அப்படிச் செய்துவிடலாம் என்றுதான் இருந்தேன். தாமதத்துக்குக் காரணம் பயம் என்று ஏட்டையா எழுதச் சொன்னார். பயமும்தான். ஆனால் அந்த நாட்களில் தினமும் காலையில் என் மகளுக்கு நீல ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தேன். அதை விட மனம் வரவில்லை என்பதுதான் முதல் காரணம்.

நேற்று வெள்ளிக்கிழமை மதியம் நான் பள்ளிக்குப் போய், யார் என்ன என்று சொல்லாமல், சான்றிதழ் இப்போது கிடைத்தால் அந்தப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வீர்களா என்று சிஸ்டர் செலஸ்தீனிடம் கேட்டேன். அவர், "தொலைந்து போய்க் கிடைத்தது என்றால் அது அவர்கள் கவனக்குறைவு. தேதி முடிந்துவிட்டது, நான் ஒன்றும் செய்ய முடியாது. யாரோ வேண்டுமென்றே தடுத்தார்கள் என்று போலீஸ் மூலம் எழுத்தில் வந்தால், அந்த இடம் அந்தப் பிள்ளையுடையது," என்றார். நாற்பத்தொன்றாக ஒரு இடம் போட முடியாதா என்று கேட்டேன். நாற்பதுக்குத்தான் அனுமதி என்றார். அதன் பிறகு என் முகத்தைப் பார்த்து, "நீங்கள் உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள்," என்றார். நான் உட்காரவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் சந்தை வழியாக வந்தேன். வேம்பு தராசுத் தட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆளிடம் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்து, "அத்தே, திலகாவுக்குப் பின்னம் ஆரம்பிச்சுட்டாங்களா? அவளுக்குப் பகா எண் மட்டும் கொஞ்சம் சிக்கும். நான் வேணா சாயங்காலம் வரட்டுமா?" என்று கேட்டாள். அவள் சொன்னது சரி. என் மகளுக்கு அதுதான் சிக்குகிறது. அப்போதும், அந்த இடத்திலும், இவள் என் வயிற்றில் பிறந்திருக்கக் கூடாதா என்றுதான் எனக்குத் தோன்றியது. இதை எழுத வேண்டாம் என்று ஏட்டையா சொல்லவில்லை.

இன்று காலை என் கணவர் ஆபீசுக்குக் கிளம்பிய பிறகு வேம்புவின் அசல் சான்றிதழையும் இரண்டு நகல்களையும் எடுத்துக்கொண்டு இங்கே வந்தேன். மூன்றையும் இத்துடன் ஒப்படைக்கிறேன். அசலில் மடிப்போ கிழிசலோ இல்லை. வேறு யாரும் என்னைத் தூண்டவில்லை. என் கணவருக்கு இருபத்தெட்டாம் தேதி வரை எதுவும் தெரியாது. காரணம் என்ன என்று கேட்டதற்கு, அந்தப் பிள்ளைக்கு வந்தது என் பிள்ளைக்கு வரவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. என் மகளுக்கு நான் இங்கு வந்தது தெரியாது. இன்று சனிக்கிழமை, பள்ளி அரைநாள். ஒரு மணிக்கு வந்துவிடுவாள். திங்கள்கிழமை முதல் அவள் போகப்போவது அரசுப் பள்ளி என்பதை அப்போதுதான் சொல்ல வேண்டும்.

மதுரைவீரன் அடித்த குற்றத்துக்கு நான் எப்படிப் பொறுப்பு என்பதை இந்த இலாகாவும் கோர்ட்டும் முடிவு செய்யட்டும். அவர் மேல் உள்ள வழக்கில் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இதன் உண்மை நகல் ஒன்றைப் பள்ளித் தலைமையாசிரியைக்கு அனுப்ப வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

எழுதி முடித்ததும் ஏட்டையா ஒரு முறை படித்துவிட்டு, "எனக்கும் பொட்டப் புள்ள இருக்கும்மா, அதனால சொல்றேன். வெள்ளிக்கிழமை குடுத்துட்டேன்னு சொன்ன எடத்துல, மறதியா சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை போட்டுக்குங்க. அந்த ஆளும் வெளிய வந்துருவான். ஒங்க பொண்ணும் அங்கயே படிக்கும். யாருக்கும் நட்டமில்லை," என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். நானும் பேனாவை வாங்கி, கீழே தனியாக அந்த வரியை எழுதினேன். எழுதிய பிறகு சுமார் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த வரி இதோ:

~~மேற்படி சான்றிதழை மதுரைவீரனிடம் கொடுத்ததாக நான் மறதியாகச் சொல்லிவிட்டேன்.~~

மேற்கண்ட வரியை அடித்தது நானே. ஓரத்தில் என் சுருக்கொப்பம் உள்ளது. கொடுக்கவில்லை என்று தெரிந்தே கொடுத்ததாகச் சொன்னேன். நான்கு மணி தாண்டட்டும் என்பதற்காகவே சொன்னேன். இந்த ஒரு அடித்தலைத் தவிர இதில் வேறு திருத்தம் இல்லை. முழுவதையும் நானே எழுதி, நானே திரும்பப் படித்துப் பார்த்து, உள்ளது உள்ளபடி இருக்கக் கண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) அ. மலர்கொடி, பி.ஏ.
30-6-1984, மதியம் 12.40

என் முன்னிலையில்: கண்ணையன், தலைமைக் காவலர்